வாசலில் கிடக்கும் மாஸ்க்கை எதால் எடுப்பது?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை, எதிரே டீக்கடை. காலையில் கோலம் போட வந்தால் இரண்டு மூன்று மாஸ்க் கிடக்கிறது, சில நாள் கையுறையும். தொட்டால் கொரோனா ஒட்டுமா? சருகோடு சேர்த்துக் கொளுத்திவிடச் சொல்கிறார் மாமியார். கொளுத்தலாமா?

பதில்: கொளுத்தாதீர்கள். அந்த நீல மாஸ்க் பார்க்கத்தான் துணி. உண்மையில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, இழையாக்கிப் படியவைத்த மூன்று அடுக்கு. புதிது ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் டிஷ்யூ பேப்பர் மாதிரி ஒரு வெள்ளை அடுக்கு வரும், அதுவும் பிளாஸ்டிக்தான். ஆஸ்பத்திரிக் கழிவை மட்டும் எரிக்கிறார்களே என்று மாமியார் கேட்கலாம். அந்த உலை சுமார் 800 டிகிரியில் எரிகிறது, புகையை இன்னொரு அறையில் 1,050 டிகிரியில் மறுபடி எரிக்கிறார்கள். சருகுத் தீயில் புகை நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும்.

தொட்டால் ஒட்டுமா என்றால், வாய்ப்பு மிகக் குறைவு. மாஸ்க்கின் வெளிப்பக்கத்தில் 7 நாள் வரை வைரஸ் இருந்ததாக 2020-ல் வந்த ஹாங்காங் ஆய்வைப் பார்த்துப் பலர் பயந்துவிட்டார்கள். அது ஆய்வகத்தில், 22 டிகிரியில் செய்தது. நம் வெயிலில் கிடக்கும் மாஸ்க் கதை வேறு. தொற்றுள்ள பொருளைத் தொட்டு நோய் வருவது பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டது. ப்ளீச்சிங் பவுடரை மூட்டையாக வாங்கிக் கொட்ட வேண்டாம். வெறுங்கையால் எடுக்காமல், எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

வாசல் தெளிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நனைந்தால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் தண்ணீரோடு போய் வடிகால் வாயில் அடைத்துக்கொள்ளும். பழைய இடுக்கி ஒன்றை இதற்கென்றே வெளியில் மாட்டிவையுங்கள். எடுத்ததைக் காகிதப் பையில் போட்டு மடித்து, மூன்று நாள் ஓரமாக வைத்திருந்துவிட்டு, குப்பை வண்டிக்காரரிடம் 'மாஸ்க்' என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். நோயாளி அல்லாதவர்களின் மாஸ்க்கைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்து, வெட்டி, உலர்குப்பையில் சேர்க்கச் சொன்னது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 ஜூலை வழிகாட்டுதல். வெட்டச் சொல்வது, யாரும் எடுத்துத் திரும்பப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் வீட்டு மாஸ்க்கை அப்படி வெட்டுங்கள். தெருவில் எடுத்ததோடு கத்தரிக்கோலை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் யாருக்காவது தொற்று இருந்தால் அவருடைய மாஸ்க் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் தனியாகப் போக வேண்டும் என்றும் அது சொன்னது.

தனியாகக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேட்டரி வண்டியில் வரும் அம்மா உங்கள் பையை அவிழ்த்து, பாட்டில் வேறு, பால் கவர் வேறு என்று கையால்தான் பிரிக்கிறார். நான் பார்த்த ஒருவரின் கையுறையில் ஆள்காட்டி விரலே வெளியே தெரிந்தது. நாள் முழுக்க நூறு வீட்டு மாஸ்க்கைத் தொடுகிற அந்தக் கைக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.

கையுறையையும் இதே மாதிரி எடுங்கள். நெதர்லாந்தின் லெய்டன் கால்வாயில் 2020-ல் ஒரு கையுறையின் கட்டைவிரலுக்குள் மீன் சிக்கிச் செத்துக் கிடந்தது; வடிகாலுக்குள் போனால் நம் ஊரிலும் அது நடக்கும். முழு உடல் கவச உடை கிடந்தால் மட்டும் இடுக்கியால்கூடத் தொடாமல் சென்னை மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம், டீக்கடை. மாஸ்க்கைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கிறார்கள், பாதி அங்கேதான் விழுகிறது. காலால் மிதித்துத் திறக்கும் மூடித் தொட்டி ஒன்றை வைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பேசுங்கள். ஆனால் தினமும் அதைக் காலி செய்வது யார் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நிரம்பி வழிகிற தொட்டியை ராத்திரி நாய் இழுத்துப் போட்டால், அத்தனையும் மறுபடி உங்கள் வாசலுக்குத்தான் வரும்.