வீட்டுத் தோட்டமும் திறந்தவெளி அமர்விடமும் அமைப்பதில் இப்போதைய போக்குகள் என்ன? வடசென்னை வீடுகளுக்கு எவை பொருந்தும்?

செயற்கைப் புல் விரித்த மொட்டை மாடி, பெர்கோலா எனப்படும், தூண்கள் மேல் சட்டங்கள் வைத்த திறந்த பந்தலின் கீழ் இருக்கைகள், சுவர் மறையும்படி தொட்டிகளை அடுக்கிய செங்குத்துத் தோட்டம், வாசல் முழுவதும் பேவர் பிளாக் ஆகியவையே இன்று பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுக்கு இணையாக நாட்டு மரங்களையும் மாடிக் காய்கறியையும் நாடும் போக்கும் வளர்ந்துவருகிறது. திருவொற்றியூரில் வசிக்கும் நான் இந்த இரண்டாவதன் பக்கமே நிற்கிறேன். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலையொட்டி வாழும் நாம், எந்த அமைப்பையும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்குமுன் அது உப்பைத் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

செடி வாங்குவதற்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. நம் கரையோரத் தெருக்களிலும் பல போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதனையே நாள்தோறும் ஊற்றினால் இலைகளின் நுனி கருகும். ஆர்.ஓ. குடிநீர் வடிகட்டி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் செறிந்திருப்பது அந்த நீரில்தான் என்பதால், அதனைத் தரை கழுவப் பயன்படுத்துவதே நல்லது. சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை கிடைக்கிறது, 1,000 சதுர அடி மாடியில் விழுவதில் சேதாரம் போக 1 லட்சம் லிட்டர் தேறும். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டும், இன்றும் சில வீடுகளில் மாடிக் குழாய் தெருவை நோக்கியே இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மரமென்றால் புங்கன், பூவரசு, புன்னை மூன்றும் கடற்கரை மண்ணுக்குப் பழகியவை. வேலியோரம் நொச்சியும் காகிதப்பூவும், தொட்டியில் நித்தியகல்யாணியும் சோற்றுக்கற்றாழையும் அதிகக் கவனிப்பின்றி வரும். அரளியும் நன்றாக வரும். ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். வேகமாக வளரும் என்று சொல்லி யாராவது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரக் கன்றைத் தந்தால் மறுத்துவிடுங்கள்; அதனைக் குஜராத் அரசு 2023-இலும் தமிழ்நாடு அரசு 2025-இலும் தடைசெய்துள்ளன.

மாடித் தோட்டத்தில் பலரும் எண்ணிப் பார்க்காதது எடை. 10க்கு 10 அடி இடத்தில் ஓரடி உயரத்துக்கு மண் நிரப்பினால், நனைந்த நிலையில் அது ஏறக்குறைய 5 டன் இருக்கும். புழங்கும் மொட்டை மாடிகளோ பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது அதே பரப்புக்கு 1.4 டன் அளவு கூடுதல் சுமைக்கே கணக்கிடப்படுகின்றன. ஆகவே தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் மிகுதியாகக் கலந்த வளர்ப்புப் பைகளே பாதுகாப்பானவை. அவற்றையும் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் வரும் ஓரங்களில், தளத்திலிருந்து சற்று உயர்த்தும் தாங்கிகளின் மேல் வையுங்கள். தண்ணீர் தேங்காமலிருந்தால்தான் தளம் ஒழுகாது.

செயற்கைப் புல்லை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நம் மே மாத வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவு சூடேறும் பிளாஸ்டிக் விரிப்பு, மாலையில் உட்காருவதற்காக அமைத்த இடத்தையே பயனற்றதாக்கிவிடும். பெர்கோலா வேண்டுமென்றால் சாதாரண இரும்பை உப்புக்காற்று விரைவில் அரித்துவிடும் என்பதால், அலுமினியமோ நன்றாகத் துத்தநாகம் பூசிய குழாயோ போடுங்கள். அதன்மேல் சங்குப்பூக் கொடியைப் படரவிட்டால் நிழல் வலைக்கும் தேவையிராது. பழைய வண்ணாரப்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் இவை எதற்கும் இடமில்லாவிட்டாலும், பிற்பகல் கடற்காற்று வரும் கிழக்குப் பக்கம் ஒரு சிறிய திண்ணை கட்டிக்கொள்வது எந்த விலையுயர்ந்த இருக்கையையும்விட மேலானது.

பேவர் பிளாக் போட்டே ஆக வேண்டுமென்றால் கற்களுக்கிடையே சிமெண்டு பூசாமல் மணலோ பொடி ஜல்லியோ நிரப்பி, மரத்தைச் சுற்றிக் குறைந்தது மூன்றடி மண்ணைத் திறந்தே விடச் சொல்லுங்கள். 2016 வர்தா புயலில் நகரெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்ததைக் கண்ட நாம், வேர் பரவ முடியாமல் தண்டு வரை பூசி அடைக்கும் வேலையை இனியும் அனுமதிக்கலாகாது.