ஹாம்பர்க்கில் ஸ்டார் கிளப்பைத் தேடி அலைபவருக்கு

பீட்டில்ஸ் இசைக்குழு வாசித்த ஸ்டார் கிளப் இப்போது இல்லை; க்ரோஸெ ஃப்ரைஹைட் தெருவில் இரண்டு முறை நடந்தும் அது உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான். 1969 கடைசி நாளில் மூடினார்கள். பின்னாளில் கட்டடம் தீப்பிடித்தது, பிறகு இடித்துவிட்டார்கள். நீங்கள் பழைய முகவரியை வைத்து முகப்பைத் தேடியிருப்பீர்கள்.

39-ஆம் எண்ணில் உள்முற்றத்துக்குள் போய்ப் பாருங்கள், கிளப்பின் நினைவுக்கல் இருக்கிறது. அப்புறம் அதே தெருவில் 64-ஆம் எண், இந்திரா என்ற கிளப். 1960 ஆகஸ்டில் பீட்டில்ஸ் ஹாம்பர்க்கில் முதன்முதலாக வாசித்த இடம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதையே பாருங்கள்.

பீருக்கு உள்ளூர் அஸ்ட்ரா போதும். தனியாகப் போகிறீர்கள், விலைப்பட்டியல் பார்க்காமல் எங்கும் உட்காராதீர்கள். வார இறுதி இரவுகளில் அங்கே கண்ணாடிப் பாட்டிலோடு தெருவில் நடக்கத் தடை உண்டு.