வெட்டல்: காரா, ஆளா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், ஃபார்முலா 1 கார்ப் பந்தய வீரர் செபாஸ்டியன் வெட்டலின் ரசிகன். “நல்ல கார் கிடைத்தது, ஜெயித்தார், அவ்வளவுதான்” என்று நண்பர்கள் அவனைச் சீண்டுகிறார்கள். அவனோடு உட்கார்ந்து நானும் பழைய பந்தயங்களைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: 2008இல் இத்தாலியின் மோன்சாவில் நடந்த பந்தயத்திலிருந்து தொடங்குங்கள், அம்மா. நல்ல மழை. வெட்டலுக்கு வயது 21. அவர் ஓட்டிய டோரோ ரோஸோ, முன்பு மினார்டி என்ற பெயரில் பின்வரிசையிலேயே காலம் தள்ளிய அணி. முதலிடத்தில் கிளம்பி முதலிடத்திலேயே முடித்தார். தாய் அணியான ரெட் புல்கூட அதுவரை ஒரு பந்தயமும் ஜெயித்திருக்கவில்லை. அவர்களுக்கு முதல் வெற்றியை அடுத்த ஆண்டு சீனாவில் வாங்கித் தந்தவரும் வெட்டல்தான். நண்பர்களுக்கு இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

அதற்காகக் காருக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். 2010 முதல் 2013 வரை ரெட் புல்லுக்காக வரிசையாக நான்கு உலகப் பட்டங்கள், நான்கும் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியின் கார்களில். 2011 காரை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் கக்கும் புகைக்காற்றைக் காரின் பின்பகுதிக்கு அடியில் பாய்ச்சி, அந்த வேகத்தால் காரைத் தரையோடு அழுத்தினார்கள். ஆகவே வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்தான் பின்சக்கரம் பிடிக்கும். கார் வழுக்குகிறது என்று தோன்றினால் யாருக்கும் கால் தானாகப் பின்வாங்கும். வெட்டல் அந்த இயல்பையே மாற்றிப் பழகினார். அந்த ஆண்டு அவருக்கு 11 வெற்றி. அதே காரை ஓட்டிய மார்க் வெப்பருக்கு ஒன்று. 2014இல் விதி மாறி அந்த உத்தி போனதும் வெட்டலுக்கு ஒரு வெற்றிகூட இல்லை, உடன் ஓட்டிய ரிக்கார்டோவுக்கு மூன்று. காரும் ஆளும் ஒருவருக்கொருவர் பொருந்திய காலம் அது என்பதே என் கணிப்பு.

இரண்டாவதாக 2012 பிரேசில். முதல் சுற்றிலேயே மோதல். கார் திரும்பி நிற்க, மற்றவர்கள் எதிரே பாய்ந்து வருகிறார்கள். கடைசி இடத்திலிருந்து, அடிபட்ட காரோடு ஆறாவதாக முடித்து, பட்டத்துக்குப் போட்டியிட்ட அலோன்சோவை மூன்றே புள்ளியில் முந்திப் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு மலேசியாவில் நம் நரேன் கார்த்திகேயனின் காரோடு உரசி டயர் கிழிந்து, புள்ளியே இல்லாமல் போயிருந்தது. அதை நினைத்தால் அந்த மூன்று புள்ளியின் கனம் புரியும்.

இவ்வளவு ஜெயித்தவரை 2013இல் மேடையிலேயே கூச்சலிட்டு அவமதித்தார்கள். மலேசியாவில் அணியின் உத்தரவை மீறி வெப்பரை முந்தியதைப் பலர் மன்னிக்கவில்லை. அது தவறுதான். ஆனால் இந்தியப் பந்தயத்தில் நான்காவது பட்டத்தை உறுதிசெய்ததும், 25,000 யூரோ அபராதம் வரும் அளவுக்குக் காரைச் சுழற்றிவிட்டு, இறங்கி அதன்முன் மண்டியிட்டு வணங்கினாரே, அந்தக் காட்சியையும் பாருங்கள்.

மக்கள் அவரை மனதார நேசித்தது வெற்றிகள் குறைந்த பிறகுதான். 2021இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பந்தயம் முடிந்ததும் பார்வையாளர் பகுதியில் குப்பை பொறுக்கினார். அன்பு திரும்பிய இடத்தைப் புரிந்துகொள்ள, கடைசியாக ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் நடந்த 2018 பந்தயத்தைப் பாருங்கள். சொந்த நாடு, ஃபெராரி கார், முன்னிலை. லேசான தூறலில் 52வது சுற்றில் சறுக்கித் தடுப்பில் முட்டி, ஸ்டீயரிங்கைக் கையால் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் மகனிடம் எதுவும் பேசாதீர்கள். அவனாகவே சொல்வான்.