காய்ச்சிய தண்ணீர் குடித்தும் காய்ச்சலா?

கேள்வி: எங்கள் வீடு வேளச்சேரியில். போன மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். நானும் கல்லூரியில் படிக்கும் என் மகனும் இரண்டு நாள் அதில்தான் போய்வந்தோம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். பத்து நாள் கழித்து எனக்குக் கடும் காய்ச்சல், கால்வலி. இன்று நான்காவது நாள். டெங்கு இல்லையாம், ஆனால் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன. வைரல் காய்ச்சல் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தெருத் தண்ணீரில் நடந்ததை முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

குடித்தால்தான் நோய் வரும் என்று நினைக்கிறோம். இந்தக் கிருமி தோல் வழியாகவும் வரும். எலியின் சிறுநீரகத்தில் எலிக்கு ஒரு தொந்தரவும் தராமல் குடியிருந்து, சிறுநீரில் வெளியேறும். தெருவில் திரியும் மாடு, நாயிடமிருந்தும் வரலாம். மழையில் கால்வாயும் சாக்கடையும் பொங்கி எலிவளைகள் மூழ்கும்போது அத்தனையும் தெருத் தண்ணீரில் கலந்துவிடும். ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

என்னிடம் ஒரு ஆட்டோ ஓட்டுநர் வந்தார். "வெளியில ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடிக்கலையே டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, ஓரமெல்லாம் ஊறி வெளுத்துப்போயிருந்தது. கிருமிக்கு அந்த வெடிப்பு போதும். கெண்டைக்காலை லேசாக அமுக்கியதற்கே துடித்துவிட்டார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது, ஆனால் பூளை இல்லை. உங்கள் கால்வலியும் கெண்டைக்காலில்தானா, கண் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தட்டணுக்கள் இதிலும் குறையும், அதனால்தான் டெங்கு என்று குழம்புகிறோம். இன்னொன்று, முதல் வாரத்தில் எலிக்காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றுகூட வரும். அதனால் சந்தேகம் பலமாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம். டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்குகளே சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேறு மருந்துதான் தருவோம். வலி தாங்கவில்லை என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் பக்கம் போகவே போகாதீர்கள், சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாராசிட்டமால் போதும்.

பெரும்பாலானவர்களுக்கு இது லேசாக வந்து போய்விடும். கண்ணில் மஞ்சள், சிறுநீர் குறைவது, மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் மகன். உங்களிடமிருந்து அவருக்குத் தொற்றும் என்ற பயம் வேண்டாம், மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக அபூர்வம். ஆனால் அவரும் அதே தண்ணீரில் நடந்திருக்கிறார். நடந்த நாளிலிருந்து 30 நாள் வரைக்கும் காய்ச்சல் வரலாம். லேசாக உடம்பு சுட்டாலும் அவரையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.