எட்டாயிரம் ரூபாய் மடக்குக்கத்தி: வாங்கியவர்களில் யார் பேச்சைக் கேட்பது?

கேள்வி: அப்பா ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார். மாம்பழம் நறுக்க, பார்சல் பிரிக்க என்று எப்போதும் ஒரு பேனாக்கத்தியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். எட்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல வெளிநாட்டு மடக்குக்கத்தி வாங்கித் தர ஆசை. ஆனால் இணையத்தில் வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளில் ஒரே கத்தியைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்; சிலர் பணம் தண்டம் என்கிறார்கள். யாரை நம்புவது? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: இரு தரப்பும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. ஒரே குணம் ஒருவருக்கு வரமாகவும் மற்றவருக்குத் தொல்லையாகவும் அமைந்திருக்கும், அவ்வளவுதான். விலையுயர்ந்த கத்திகளில் வரும் ‘எஸ்30வி’ என்ற பவுடர் எஃகையே (உலோகத்தூளை அழுத்தி உருவாக்கிய எஃகு) எடுத்துக்கொள்ளுங்கள். “மாதக்கணக்கில் தீட்டவே இல்லை” என்பார் ஒருவர். “எவ்வளவு தேய்த்தாலும் கூர் ஏறவில்லை” என்பார் இன்னொருவர். அந்த எஃகில் இருக்கும் வனேடியம் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்கள் கூர் தேயாமல் காக்கின்றன. அதே துகள்கள் சாதாரணத் தீட்டுக்கல்லுக்கும் மசிவதில்லை. அதற்கு வைரத்தூள் பதித்த கல் வேண்டும். விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்துக் கத்திகளின் எஃகு இதற்கு நேர் எதிர். சீக்கிரம் மழுங்கும், ஆனால் வீட்டுக் கல்லில் கொஞ்சம் இழுத்தாலே கூர் திரும்பிவிடும். அப்பா தானே உட்கார்ந்து தீட்டுகிறவர் என்றால் நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன். எதுவானாலும், தெருவில் வரும் சாணைக்காரரிடம் தர வேண்டாம். அரிவாள்மனைக்கு அவர் கைதேர்ந்தவர். ஆனால் பொறி பறக்கும் சக்கரத்தில் மெல்லிய அலகு சூடேறிப் பதம் கெட்டுவிடும்.

கருத்து எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்றும் பாருங்கள். பிரான்சின் சவோய் பகுதியில் 1890-ல் பிறந்த ஓப்பினல் கத்தியைக் குளிர்நாட்டுக்காரர்கள் புகழாத நாளில்லை. இங்கே ஐப்பசி மழையில் அதன் மரப்பிடி ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும். நகம் வலிக்க இழுத்தாலும் அலகு வெளியே வராது. பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு சற்று எழும்பும். சவோய்க்காரர்களும் அப்படித்தான் திறக்கிறார்கள்! கார்பன் எஃகு வகையை வாங்கி, மாங்காய் நறுக்கித் துடைக்காமல் மடக்கினால், கடற்காற்று அடிக்கும் உங்கள் பகுதியில் கறையும் துருவும் காத்திருக்காது. அந்தக் கத்திதான் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகு வகையைக் கேளுங்கள். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இணையக் கடைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கத்தியின் பல அளவுகளுக்கும் எஃகு வகைகளுக்கும் வந்த கருத்துகளை ஒரே பக்கத்தில் கொட்டிவிடுகிறார்கள். நீங்கள் படிக்கும் வசை நீங்கள் வாங்கப்போகும் வகையைப் பற்றியதாக இல்லாமலே போகலாம். ‘லாகியோல்’ என்ற பெயரில் குழப்பம் இன்னும் அதிகம். அது ஒரு நிறுவனம் அல்ல, பிரெஞ்சு ஊரின் பெயர். யார் யாரோ அந்தப் பெயரைப் பொறித்து விற்கிறார்கள்.

பெட்டி அழகு என்று ஐந்து நட்சத்திரம், கூரியர் தாமதம் என்று ஒரு நட்சத்திரம் தந்தவர்களைத் தாண்டிப் போங்கள். “பூட்டு (விரித்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு) இல்லை” என்று திட்டுகிறவர்களையும்தான். மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம் வரும் விக்டோரினாக்ஸ் கத்திகளில் பூட்டு இருக்காது. அது குறையல்ல, அமைப்பே அப்படி. ஆனால் பூட்டு உள்ள கத்தியில், அழுத்தி வெட்டும்போது பூட்டு நழுவி அலகு விரல்மேல் மடங்கியதாக இரண்டு பேர் எழுதியிருந்தாலும் அதை வாங்காதீர்கள். மற்ற குறைகளோடு காலம் தள்ளலாம், இதனோடு முடியாது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கத்தி, விரித்துப் பூட்டிய பிறகும் இடவலமாக ஆடுகிறது. “திறந்து பார்த்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்பவர். (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: திறக்காமல் கத்தி ஆடுவதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? முதலில் கீல் திருகைச் சற்றே இறுக்கிப் பாருங்கள். பல கத்திகளில் அதோடு சரியாகிவிடும். திருகு இல்லாமல் ஆணி அடித்த வகை என்றால் கை வைக்காதீர்கள். ஆடுவதை வீடியோ எடுத்து, பில்லோடு கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இல்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உறைமேல் இருக்கும், அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சிறிய மடக்குக்கத்திதான். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது விடுவார்களா? (வாசகர், பல்லாவரம்)

பதில்: கைப்பையில் விடமாட்டார்கள். செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள். மறந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால், பாதுகாப்புச் சோதனையில் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.