‘சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்கலாமா

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். விடுமுறைக்கு மட்டும் ஊருக்குப் போகிறோம். இந்தப் பொங்கலின்போது கணவரின் பெரியப்பா மதியம் வீட்டுக்கு வந்தார். “சாப்பிடுறீங்களா மாமா?” என்று கேட்டேன். “இல்லம்மா, ஆச்சு” என்றார். காபி கொடுத்து அனுப்பினேன். “வீடு தேடி வந்தவரைச் சோறு போடாமல் அனுப்பிவிட்டாயே” என்று மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு சாவு வீட்டில் கிளம்பும்போது “போயிட்டு வரேங்க” என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதில் என்ன குறை? மனத்தில் இருப்பதை நேராகச் சொல்லாத இந்தப் பேச்சு போலித்தனம் ஆகாதா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மதியத்தை உங்கள் பெரிய மாமாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்கள் கேள்விக்கு அவர் “ஆமாம்” என்று சொன்னால், வாய்விட்டுச் சோறு கேட்டவர் ஆகிவிடுவார். நம் பக்கத்தில் எவ்வளவு இல்லாதப்பட்டவரும் அதைச் செய்யமாட்டார். உங்கள் மாமியார் வீட்டில் இருந்திருந்தால் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார். சொம்பில் தண்ணீரைக் கொடுத்து, “குந்துங்க, இலை போட்டாச்சு, கை கழுவுங்க” என்றிருப்பார். அதற்கும் அவர் “இப்பதான் ஆச்சு” என்றுதான் சொல்லியிருப்பார். “மோருக்காவது ஒரு வாய்” என்று மறுபடி சொல்லும்போது, இரண்டாவது மறுப்பு முதல் மறுப்பைவிடத் தணிந்த குரலில் வந்திருக்கும். அந்தக் குரல்தான் பதில். மெய்யாகவே வயிறு நிறைந்தவர் வெறுமனே “ஆச்சு” என்று நிறுத்திக்கொள்ளமாட்டார். யார் வீட்டில், என்ன குழம்பு, எத்தனை முறை வற்புறுத்தினார்கள் என்று விவரமாகச் சொல்லுவார். விவரம் வரவில்லையென்றால் சாப்பாடு ஆகவில்லை என்று பொருள்.

இருவருக்கும் தெரிந்த முறையில், இருவரில் ஒருவரும் ஏமாறாமல் நடக்கும் பேச்சைப் போலித்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. நகரத்தில் நீங்கள் மறுத்த ஒருவரை மறுநாள் பார்க்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஊரிலோ ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சி, ஒரே கோயிலில் கூழ் ஊற்றி, சாகும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். கேட்டு இல்லையென்று ஆனால் கேட்டவருக்கும் கூச்சம், மறுத்தவருக்கும் கூச்சம்; அந்தக் கூச்சம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். ஆகவே, வாய்விட்டுக் கேட்கவும் வேண்டாம், வாய்விட்டு மறுக்கவும் வேண்டாம் என்றபடி பேச்சை அமைத்துக்கொண்டார்கள்.

வெளியே கிளம்புகிறவரை “எங்கே?” என்று கேட்கக்கூடாது, “தூரமா?” என்று கேட்க வேண்டும் என்பதும் இந்த வகைதான். எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பார்கள். அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் மடியில் நகையை முடிந்துகொண்டு அடகுக்கடைக்குப் போகும் ஒரு பெண், “ஆமாங்க, கொஞ்சம் தூரந்தான்” என்று சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து பஸ் ஏற அந்தக் கேள்வி இடம் வைக்கிறது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று தொடங்குவதையும், அங்கே வரும் பக்கத்து வயல்காரர் எத்தனை மூட்டை என்று கேட்காததையும் கவனித்திருப்பீர்கள்.

கிண்ணத்தில் குழம்பு வந்தால் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பார்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி முருங்கைக்கீரையோ கொஞ்சம் சர்க்கரையோ, முந்திரிக் காலமானால் நாலு கொட்டையோ போட்டுத்தான் திரும்பும். நீங்கள் சென்னையில் கிண்ணத்தைப் பளபளவென்று தேய்த்துத் திருப்பித் தருவீர்கள், அது சுத்தம். ஊரிலோ, கணக்குத் தீர்ந்தது, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். மொய் நோட்டில் நூற்றோடு ஒன்று சேர்த்து எழுதுவதிலும், வாங்கிய மொய்யைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வதிலும் அதே எண்ணம் இருக்கிறது. கடன் மிச்சம் இருக்கும்வரை போக்குவரத்து இருக்கும்.

சாவு வீட்டில் “வருகிறேன்” என்று சொன்னால், இந்த வீட்டில் மறுபடியும் இப்படி ஒரு நாள் வரட்டும் என்று சொன்னதாக ஆகிவிடும். எழுந்து, பேசாமல் போய்விட வேண்டும். வீட்டாரும் வாசல்வரை வந்து வழியனுப்பமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது, எங்கள் உறவினர்கள் இழவுக்கு வருவதைப் போலவே தோப்புக்கு வந்தார்கள். எத்தனை மரம் போயிற்று என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. விழுந்த பலாவின்மேல் சற்று நேரம் குந்தியிருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். மரங்களை எண்ணியவர்கள் நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்கள் மட்டுமே. அது அவர்கள் வேலை.

இதையெல்லாம் சொல்வதால் ஊர் வழக்கம் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். திண்ணையில் யார் குந்தலாம், யார் வாசலோடு நின்று பேச வேண்டும், யாருக்கு எந்தத் தம்ளர் என்பதும் இதே ஊர்களில் ‘முறை’ என்ற பெயரில்தான் நடந்தது. சில இடங்களில் இன்றும் நடக்கிறது. கணவனை இழந்தவள் தன் மகளுக்கு நலங்கு வைக்க முன்னே வரக்கூடாது என்பதும் முறைதானாம். பசித்தவரின் மானத்தை அவ்வளவு பக்குவமாகக் காப்பாற்றத் தெரிந்த அதே வாய், கல்யாணமான ஆறாவது மாதமே “விசேஷம் ஏதும் உண்டா?” என்று நாலு பேர் நடுவில் கேட்கிறது. அதற்கு நீங்கள் நேராகவே பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெரிய மாமா விஷயத்தில் மன்னிப்பு எதுவும் கேட்கப் போகாதீர்கள். அவர் பசியோடு திரும்பினார் என்பதை நீங்களே அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும். அடுத்த முறை ஊருக்குப் போனதும் மதிய வேளையாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், “அத்தை, என்ன குழம்பு? பசிக்குது, சோறு போடுங்க” என்று கேளுங்கள். விருந்தாளி அப்படிக் கேட்கமாட்டார், வீட்டுப் பெண் கேட்பாள். நீங்கள் அந்த வீட்டில் கை நனைத்த சேதி, திரும்பி வருவதற்குள் உங்கள் மாமியார் காதுக்கு வந்திருக்கும்.