துயரத்தில் ஒன்றுகூடிய நாடு ஏன் விரைவில் பிரிகிறது?

காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் எழுந்த ஒற்றுமை ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 2019 பிப்ரவரி 14 அன்று மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் உயிரிழந்தபோது, காரைக்குடியில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் கட்சி வேறுபாடின்றி ஒரே படத்துக்கு மாலையிட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். டெல்லியில் அனைத்துக் கட்சிக் கூட்டமும் இரண்டே நாளில் தீர்மானம் நிறைவேற்றியது.

துக்கம் பொதுவானது; ஆனால் பாதுகாப்பில் பிழை எங்கே நேர்ந்தது, பதிலடியின் பெருமை யாருக்கு என்ற கேள்விகள் அப்படியல்ல. பதிலடியாகப் பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலுக்கு மறுநாளே, படையினரின் தியாகத்தை அரசியலாக்குவதாக 21 எதிர்க்கட்சிகள் ஆளுங்கட்சித் தலைவர்கள்மீது குற்றஞ்சாட்டின. மக்களவைத் தேர்தல் நெருங்கியிருந்ததே முதற்காரணம் என்பேன். கேள்வி கேட்டவரையே துரோகி என்றதுதான் என்னை அதிகம் வருத்தியது. ஏப்ரல் 18 அன்று வாக்களித்துத் திரும்பியபோது கடையில் அந்த மாலை சருகாகித் தொங்கியது. அன்று சேர்ந்து மெழுகுவத்தி ஏற்றிய இருவர் முகங்கொடுத்துப் பேசவில்லை.